ரிதுவான் கிதாபு வாசித்த வாரம்

மலாக்கா பக்கம் மஸ்ஜித் தானா கடைத்தெருவில் குத்புதீன் கடை எது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பகல் நேரத்தில் எந்தக் கடை வாசலை மோட்டார் சைக்கிள்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றனவோ, அதுதான். அந்தக் கூட்டம் குத்புதீனின் முகத்தைப் பார்க்க வருவதல்ல. அந்த முகத்துக்கு யார் வருவார்கள்? அவருடைய மகன் ரிதுவான் ஆக்குகிற மீன்தலைக் கறிக்காக வருவது. அரசாங்க ஆபீஸ்காரர்கள், லோரிக்காரர்கள், பக்கத்துக் கம்போங்கிலிருந்து வரும் மலாய்க்காரக் குடும்பங்கள் என்று ஒரு நாளைக்கு முன்னூறு பேருக்குக் குறையாமல் அவன் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு இன்னும் கூடுதல்.

அப்பேர்ப்பட்ட ரிதுவானுக்குத் தன் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. கடையில் கரண்டி பிடித்தால் அது தொழில், ஆண்பிள்ளை வேலை. அதே கரண்டியை வீட்டில் பிடித்தால் மானம் போய்விடும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. குத்புதீன் அப்படி இருந்தார், அவருடைய வாப்பா அப்படி இருந்தார், ஆகவே இவனும் அப்படி இருந்தான். அவ்வளவுதான் கதை.

அவனுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. தான் ஆக்கியதைத் தானே சாப்பிட மாட்டான். காலையிலிருந்து அந்த மணத்திலேயே நின்றவனுக்குக் கடைச் சோறு தொண்டையில் இறங்காதாம். பகல் கூட்டம் ஓய்ந்ததும் தாமான் குடியிருப்பில் இருக்கும் தன் வீட்டுக்கு வருவான். சுடச்சுடச் சோறு, ஒரு பருப்பு, ஒரு பொரியல் இருக்க வேண்டும். இருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் இருந்தது. சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, மாலை அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுவான். அந்தச் சோறு எப்படி மேசைக்கு வந்து சேருகிறது என்று யோசிக்க அவனுக்கு நேரம் இருந்ததில்லை.

கொண்டுவந்து வைத்தவள் அவன் மனைவி நூர் ஹிதாயா. மலாக்கா டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். பகல் ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே ஆக்கிச் சூடு ஆறாத அடுக்கில் வைத்துவிட்டுப் போவாள். நைட் என்றால் இரவெல்லாம் நோயாளிகளோடு நின்றுவிட்டு, விடிந்ததும் கடற்கரைச் சாலை வழியாக, தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் தன் தாய் வீட்டையும் கடந்து மஸ்ஜித் தானா வரைக்கும் தன் காரை, அந்த ஊர்ப் பேச்சில் காடியை, ஓட்டிக்கொண்டு வருவாள்.

ஒரு திங்கட்கிழமை. கடைக்கு லீவு. ரிதுவான் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, பசியாற என்ன வரும் என்று மேசையில் காத்துக்கொண்டிருந்தான். ஹிதாயா வரவில்லை. போன்தான் வந்தது.

"மச்சான், காடி ரோட்டோரச் சாக்கடை லோங்காங்குல இறங்கிருச்சு. சுங்கை ஊடாங் தாண்டி."

"யா அல்லா! ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல. பம்பர்தான் ஒடஞ்சிருக்கு. ஒரு வயசான பாக்சிக் வந்து தள்ளி விட்டாரு."

"அல்ஹம்துலில்லா. சரி, பாத்து வா. வர்ற வழியில ஏதாச்சும் சாப்பாடு புங்குஸ் கட்டிக்கிட்டு வந்துரு லா. காலையிலேர்ந்து வயிறு காஞ்சு கெடக்கு."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தான் அந்தப் புண்ணியவான். கட்டாகவில்லை. ஹிதாயா உடைந்த பம்பரோடு காடியைத் திருப்பினாள். தஞ்சோங் கிளிங்கில் தாய் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு ஒரு மெசேஜ் மட்டும் வந்தது: உம்மா வீட்டில் இருக்கிறேன், நான் சொல்லும்வரை வர வேண்டாம்.

இரண்டு வாரம் ஓடிவிட்டது. ரிதுவான் தன் பெற்றோர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோபித்துக்கொண்டு போனவள் தானே வந்துவிடுவாள் என்று குத்புதீன் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வரவில்லை. அவளுடைய தாய்மாமா நிஜாம்தான் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுங்கள், பேசிச் சரிப்படவில்லையென்றால் மார்க்க இலாகாவுக்குப் போய்ப் பிரிவு மனு போடுவேன் என்று பிள்ளை சொல்கிறாள் என்றார். அவள் என்றால் ரிதுவானுக்கு உயிர். அதைச் சொல்லத் தெரியாது, அது வேறு விஷயம்.

புருஷன் பெண்சாதிக்குள் பிளவு வந்தால் அவன் பக்கம் ஒரு பெரியவர், அவள் பக்கம் ஒரு பெரியவர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும் என்பது மறையிலேயே உள்ளது. பையன் பக்கத்துக்குக் குத்புதீன், பெண் பக்கத்துக்கு நிஜாம் என்று முடிவாயிற்று. குத்புதீன் அப்போதே மீசை இல்லாத உதட்டை முறுக்கினார்.

"அவங்க படிச்ச கூட்டம்டா. வாய்ப்பேச்சுக்கு மசிய மாட்டாங்க. கிதாபை விரிச்சு வச்சு வாசிச்சுக் காட்டணும். பொம்பளைக்கு என்ன கடமை, ஆம்பளைக்கு என்ன உரிமைன்னு மார்க்கத்துல தெளிவா இருக்கு. டவுனுல பள்ளிவாசல் பக்கத்துக் கடையில நல்ல கிதாபு வச்சிருக்கான். வாங்கிப் படிச்சு, அந்த எடத்துல குறி வச்சுக்கிட்டு வா."

"எந்த எடம் வாப்பா?"

"சமைக்கிறது, துவைக்கிறது, புருஷனுக்குப் பணிவிட செய்யிறது. அதெல்லாம் இல்லாமலா இருக்கும்?"

ரிதுவான் கிதாபு வாங்கினான். அவர்கள் வழிவழியாகப் பின்பற்றும் சட்டப் பிரிவான ஷாஃபி மத்ஹபின் விதிகளைத் தமிழில் எழுதிய தடித்த புத்தகம். பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்குப் பிறகு அவன் ஒரு புத்தகத்தை முழுசாகத் திறந்ததே இல்லை. மார்க்கத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஜும்ஆ பிரசங்கமும் வாப்பா போனில் அனுப்புகிற வீடியோக்களும்தான். இந்தக் காலத்துப் பெண்கள் என்று ஆரம்பிக்கிற வீடியோக்கள். அவற்றில் யாராவது ஒருவர் மேசையைத் தட்டிக் கத்துவார். கேட்கும்போது ரத்தம் சூடாகும், கேட்டு முடித்ததும் என்ன சொன்னார் என்பது மறந்துபோகும்.

பகல் கூட்டம் ஓய்ந்தபின் கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினான். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. தொழுமுன் கைகால் கழுவும் ஒளூ, தொழுகை, ஜகாத் என்று அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் குடும்பப் பகுதிக்கு வந்துவிட்டான். ஆண்கள் பெண்களுக்குப் பொறுப்பாளர்கள் என்ற இறைவசனம் கிடைத்தது. அடி சக்கை என்று தொடையைத் தட்டிக்கொண்டான். தண்ணீர் உறிஞ்சுகிற ஒரு குழலை எடுத்து அந்த இடத்தில் குறி வைத்தான்.

அதோடு மூடியிருந்தால் அவனுக்கு நிம்மதி. ஆனால் அந்த வசனம் அங்கே முடியவில்லை. அவர்கள் தம் பொருளைச் செலவு செய்வதால் என்று தொடர்ந்தது. வீட்டுத் தவணையில் பாதி ஹிதாயாவின் சம்பளத்திலிருந்து போகிறது. அவள் சம்பளம் அவளுக்கே சொந்தம், அதில் அவள் குடும்பத்துக்குக் கொடுப்பது அவளுடைய தயவு என்று கீழே விளக்கம் வேறு. இவன் லேசாக மூக்கைச் சொறிந்துகொண்டு பக்கத்தைத் திருப்பினான்.

அடுத்த நாள்தான் அந்த இடம் வந்தது. மாவரைப்பது, ரொட்டி சுடுவது, சமைப்பது, துவைப்பது முதலான வீட்டு வேலைகள் மனைவிமேல் கடமையல்ல. அவள் விரும்பிச் செய்தால் அது அவளுடைய உபகாரம். மார்க்கம் கற்ற வேறு சில ஆலிம்கள் ஊர் வழக்கத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், ஆனால் நம்முடைய மத்ஹபின் சட்டம் இதுவே.

ரிதுவான் அதை மூன்று முறை வாசித்தான். மஞ்சள் கறை படிந்த கட்டைவிரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்துக்கூட்டி மறுபடியும் வாசித்தான். அடுத்த பக்கத்தில் நபிகள் நாயகம் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அவர்களின் மனைவியிடம் கேட்ட செய்தி இருந்தது. தம் குடும்பத்தாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போவார்கள் என்று பதில். தம் துணியைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்று வேறொரு செய்தி. இதைச் சின்ன வயதில் மதரஸாவில் அவனே கேட்டிருக்கிறான். செருப்பு தைத்த செய்தி அவனுக்கு அப்போது ஏழ்மையைப் பற்றிய பாடமாகத்தான் புரிந்தது. வீட்டைப் பற்றிய பாடம் என்று யாரும் சொல்லவில்லை.

இந்தக் காலத்துப் பெண்கள் கேட்கிறார்களே என்று வாப்பா பல்லைக் கடிக்கிற விஷயத்தை அந்தக் காலத்து ஆலிம்கள் பல நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்! வீடியோக்காரர்களைப்போல இந்தக் கிதாபு கத்தவும் இல்லை. மெதுவாகச் சொல்லிவிட்டு, இவன் என்ன செய்யப் போகிறான் என்று பேசாமல் இருந்தது. அந்தப் பேசாமை அவனுக்கு உறுத்தியது. இன்னொரு குழலை எடுத்து அந்தப் பக்கத்திலும் வைத்தான்.

அன்று கோழி இறக்க வந்த லோரிக்காரன் ஹரிதாஸ் இவன் சிநேகிதன். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். ரிதுவான் முகம் செத்துப்போயிருப்பதைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டான். இவன் சொன்னான். ஹரிதாஸ் ஆற்றிய டீயான தே தாரேக்கை ஊதி ஊதிக் குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டான்.

"இதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்க? மொதக் குழல் வச்ச பக்கத்த வாசி. ரெண்டாவது குழல உருவிப் போட்டுரு. நானூறு பக்கப் புத்தகம்டா. எவன் தேடப் போறான்?"

"எனக்குத் தெரியுமே, தாஸு."

"ஒனக்குத் தெரிஞ்சா என்ன? ஒனக்குப் பொண்டாட்டி வேணுமா, நியாயம் வேணுமா? மொதல்ல ஆள வீட்டுக்குக் கொண்டு வா லா. அப்புறம் மெதுவா நியாயம் பாத்துக்கலாம்."

சிநேகிதன் என்றால் இப்படித்தான், நம்மை நாசமாக்கினாலும் அக்கறையோடு நாசமாக்குவான். ரிதுவான் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு இரண்டாவது குழலை உருவிக் குப்பையில் போட்டான்.

போட்டானே தவிர மனசு ஒட்டவில்லை. அன்று பெற்றோர் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனான். அவன் உம்மா ரபியா பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கினாள்.

"என்னடா இது? நான் உசுரோடதானே இருக்கேன்?"

"உம்மா, கொஞ்சம் உக்காருங்க. ஒண்ணு வாசிச்சுக் காட்டணும்."

வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். ரிதுவான் அடுக்களை முக்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வாசித்தான். உம்மா சந்தோஷப்படுவாள் என்று அவன் நினைத்திருந்தான். ரபியா சந்தோஷப்படவில்லை. கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள்.

"கடமை இல்லையா?"

"இல்லையாம் உம்மா."

"அப்ப இத்தன வருஷம் நான் ஆக்கிப் போட்டது? மீன்ல உப்புக் கூடிப்போச்சுன்னு தட்டைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போனாரே ஒங்க வாப்பா, அது?"

"அதெல்லாம் நீங்க செஞ்ச உபகாரம்னு போட்டிருக்கு. அதுக்குத் தனி நன்மை உண்டு."

ரபியா தட்டைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய தம்ளர்களையும் எடுத்து மறுபடி கழுவினாள். அவளுக்கு அழுகை வந்தது, மகன் முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

"நன்மைய அல்லா தருவான், அது எனக்குத் தெரியும். கடமைன்னு நெனச்சுத்தான்டா இவங்க ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. உபகாரம்னு தெரிஞ்சிருந்தா, நல்லாருக்குன்னு ஒருநாளாச்சும் சொல்லியிருப்பாங்கல்ல?"

உம்மாவின் மீனை நல்லாயிருக்கிறது என்று ரிதுவானும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரிதுவானும் பெற்றோரும் தஞ்சோங் கிளிங்குக்குப் போனார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் வரிசை வீடுகள். நிஜாம் வாசலுக்கு வந்து கட்டித்தழுவி வரவேற்றார். டவுனில் கைலிக் கடை வைத்திருப்பவர், நறுக்கென்று பேசுவார். வழக்கப்படி ஆண்கள் மூவரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். ரபியா உள்ளே பெண்களோடு போய்விட்டாள். ஹிதாயா வெளியே வரவில்லை. அடுக்களை வாசலில் தொங்கிய திரைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. ரிதுவான் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குத்புதீன் ஆரம்பித்தார். பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் வேலை வேலை என்று ஓடினால் குடும்பம் என்னாவது, ஆண்பிள்ளை பசியோடு காத்துக்கிடக்கலாமா, இந்தக் காலத்துப் பெண்கள் என்று நீட்டிக்கொண்டே போனார். நிஜாம் மருமகளுக்காக மல்லுக்கு நிற்பார் என்று ரிதுவான் பயந்துகொண்டிருந்தான். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்க சொல்றது சரிதான் பாய். நான்கூட அவகிட்ட அதத்தான் சொன்னேன். நைட் ஷிப்ட் எல்லாம் நம்ம பிள்ளைங்களுக்குச் சரிப்பட்டு வராது. இந்த வருஷத்தோட வேலைய விட்டுரட்டும். தம்பி நல்லாத்தானே சம்பாதிக்குது?"

"அதச் சொல்லுங்க!" என்றார் குத்புதீன்.

"விட்டுட்டு வீட்டப் பாத்துக்கிட்டான்னா ஒரு பிரச்சினையும் இல்ல. நான் பேசி அனுப்பி வைக்கிறேன்."

முடிந்தது. தே ஆறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ரிதுவான் திகைத்துப்போனான். பஞ்சாயத்தில் ஜெயித்துவிட்டான்! கிதாபைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஹிதாயா வீட்டுக்கு வந்துவிடுவாள். திரைக்குக் கீழே அந்தப் பாதங்கள் அசையாமல் நின்றன. அவளைப் பற்றிய பேச்சு முழுக்க நடந்து முடிந்துவிட்டது, அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

குத்புதீனுக்கு அதோடு திருப்தி வரவில்லை. "டேய், கொண்டுவந்த கிதாபை எடு. அந்த எடத்த வாசி. பிள்ளை காதுலயும் விழட்டும்."

ரிதுவான் கிதாபை மடியில் வைத்தான். குழல் வைத்த இடத்தில் திறந்தான். ஆண்கள் பெண்களுக்குப் பொறுப்பாளர்கள் என்று வாசித்தான். குத்புதீன் நிஜாமைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றார்.

"இன்னும் முடியல வாப்பா," என்றான் ரிதுவான்.

மிச்சத்தையும் வாசித்தான். பிறகு பக்கங்களைப் புரட்டினான். மஞ்சள் கறை பட்ட பக்கம் தானாக வந்தது. மனைவிமேல் கடமையல்ல என்ற இடத்தை அவன் வாசித்தான். வாப்பாவுக்கு எதிராக அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

குத்புதீன் கிதாபைப் பிடுங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது எந்த ஊருக் கிதாபுடா?"

"நீங்க சொன்ன கடையில வாங்கினதுதான் வாப்பா."

"அச்சுப் பிழையா இருக்கும்."

"அச்சுப் பிழைன்னா ஒரு வார்த்தையில இருக்கும்," என்று உள்ளேயிருந்து ரபியாவின் குரல் வந்தது. "ஒரு பக்கம் பூராவுமா இருக்கும்?"

கல்யாண நாளிலிருந்து ஆண்கள் பேசும் சபையில் ரபியாவின் குரல் கேட்டதே இல்லை. குத்புதீன் கிதாபை மகன் மடியிலேயே திருப்பிப் போட்டார். நிஜாம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதிலேயே ஊர் வழக்கம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறதே, அதையும் பார்க்க வேண்டும் என்று எதையோ தொடங்கினார். திரை விலகியது. ஹிதாயா வெளியே வந்தாள். மூன்று வாரத்தில் மெலிந்திருந்தாள். யாரிடமும் கோபமாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். இந்தக் கிதாபுல வேற மாதிரி போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பொம்பளைதான் எல்லாம் செய்யணும்னு போட்டிருந்தா?"

ரிதுவான் பொய் சொல்லியிருக்கலாம். நல்லது செய்துவிட்டு நிற்கிற நேரம், ஒரு சின்னப் பொய்யை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

"அதைத்தான் வாசிச்சிருப்பேன்," என்றான். "அதத் தேடித்தான் வாங்கினேன்."

"அப்ப நான் அந்த வீட்டுக்கு வந்திருக்கணும். வந்து ஆக்கியிருக்கணும்."

"ம்."

"நல்லது. கிதாபு என் பக்கம் பேசுச்சு, அல்ஹம்துலில்லா. ஆனா நீங்க இத்தன நாளா கிதாபுகிட்டதான் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. அன்னைக்குக் காடி லோங்காங்குல போனப்ப, ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டீங்க. ஏன் ஆச்சுன்னு கேக்கல."

ரிதுவான் கிதாபை மூடிப் பக்கத்தில் வைத்தான்.

"ஏன் ஆச்சு?" என்றான்.

"தூங்கிட்டேன். கைய ஸ்டேரிங்ல வச்சுக்கிட்டே தூங்கிட்டேன். எதிர்ல லோரி வந்திருந்தா அங்கேயே மவுத்துதான். அது மூணாவது நைட். நைட் முடிஞ்சு வந்ததும் தூங்கணும் மச்சான், எல்லா தாதியும் தூங்குவாங்க. நான் வந்து சோறு வடிச்சு, ஆனம் காய்ச்சி, ஒங்களுக்குக் கடைச் சோறு எறங்காதுன்னு காத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க சாப்பிட்டுப் படுத்ததுக்கு அப்புறம் பாத்திரம். நீங்க கடைக்குத் திரும்புனதுக்கு அப்புறம்தான் நான் படுப்பேன். கண்ணு அசர்றதுக்குள்ள அடுத்த ஷிப்ட்டுக்கு நேரமாயிரும்."

ரிதுவான் சுடச்சுடச் சாப்பிட்ட அந்தச் சோறெல்லாம் அவளுடைய தூக்கம். அந்தத் தூக்கத்தை மூன்று வருஷமாகப் பிசைந்து பிசைந்து தின்றிருக்கிறான், தின்றுவிட்டு ஏப்பம் விட்டிருக்கிறான். இன்னும் ஒரு நாள் தின்றிருந்தால் அவளுடைய மய்யித்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"நான் கேட்டிருக்கணும்," என்றான்.

நிஜாம் ஏதோ சொல்ல வந்தார். ஹிதாயா கையை லேசாக உயர்த்தவும் நிறுத்திக்கொண்டார்.

"வேலைய விட மாட்டேன் மாமா. அத யாரும் முடிவு பண்ண வேணாம்." பிறகு ரிதுவான் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு எனக்கு நைட். அது முடிஞ்சு செவ்வாக்கிழமை காலையில அங்க வர்றேன். தூங்கத்தான் வர்றேன். யாரும் எழுப்பக் கூடாது. அது முடியுதான்னு மொதல்ல பாப்போம். மனுவை அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் சொன்ன காலை வந்தது. ரிதுவான் கடையை உதவிக்காரர்களிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். கடற்கரைச் சாலையை நினைத்து நினைத்து வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தான். காடி வந்து நின்ற பிறகுதான் மூச்சு வந்தது. ஹிதாயா சிவந்த கண்ணோடு இறங்கினாள், சலாம் சொன்னாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவன் அடுக்களைக்குள் போனான். உப்பு டப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. முன்னூறு பேருக்கு அளவு பார்க்காமல் போடுகிற கை, இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி என்று தெரியாமல் தடுமாறியது. கடைசியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான சோற்றை ஆக்கி வைத்துவிட்டான். கடையிலிருந்து வாப்பா போன் பண்ணினார். வாசலுக்கு வெளியே போய் நின்று கிசுகிசுத்தான். நாங்கள் எல்லாம் இப்படியா வாழ்ந்தோம் என்று அவர் சத்தம் போட்டார். "அவ தூங்குறா வாப்பா, அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டான்.

பிறகு அறைக் கதவை மெதுவாகத் திறந்து பார்த்தான். ஹிதாயா ஒருக்களித்துப் படுத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, கன்னத்தின் கீழே கையை வைத்துக் குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் நல்ல வெயில் இருந்தது. அவன் சத்தமில்லாமல் போய்த் திரையை இழுத்துவிட்டான். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது, பகலில் அவள் தூங்கி அவன் பார்த்தது அன்றுதான்.